இதர

லாரி வேலைநிறுத்தம் மூன்றாம் நாள்.
வாளையாற்றில் தொடங்கிய வரிசை
கஞ்சிக்கோடு தாண்டியும் நின்றது.
டயர் நிழலில் கஞ்சி வெந்தது,
தார்ப்பாய்க்குள் அன்னாசி புளித்து
சாலை முழுக்கக் கள்ளுக்கடை வாசனை.

ஓரமாக உருண்டு உருண்டு
எங்கள் சாவடிக்கு வந்து சேர்ந்தது ஒரு கார்.
நீலப் பலகை, வெள்ளை எண்.
எந்த மாநிலத்துக்கும் பொருந்தவில்லை.
என் பதிவேட்டில் மாநிலத்துக்கு ஒரு கட்டம்,
கடைசியில் ஒடுங்கலாய் இன்னொன்று:
இதர.

பங்குனி வெயிலில்
கோட்டின் பொத்தான் ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டு
இறங்கி வந்தவர், தூதர் என்றார்.
எந்த நாடு?
சொன்னார்.
இன்னொரு தடவை சொல்லுங்கள்.
சொன்னார், முகம் மலர்ந்து.
வால்சேரா.

கண்காணிப்பாளர் ஆறுச்சாமி எட்டிப் பார்த்து
வால்சேரி என்று வாசித்தார்.
"வடக்கஞ்சேரிக்குப் பக்கத்திலயா?
அங்கிருந்து வரவா இத்தனை நேரம்?"

ஐரோப்பாவில் என்றேன்.
எவ்வளவு பெரிசு என்று கேட்கச் சொன்னார்.
தூதர் சாலையைத் திரும்பிப் பார்த்தார்.
"இந்த வரிசையை எங்கள் நாட்டில் நிறுத்தினால்
கடைசி நான்கு லாரி
பக்கத்து நாட்டில் நிற்கும்."

டெல்லியில் பதினோரு மாதம் காத்திருந்தாராம்
நியமனப் பத்திரத்தைக் கையில் கொடுக்க.
கிடைத்தது நான்கு நிமிடம்,
அதில் ஒன்று புகைப்படக்காரருக்கு.
பிறகு வந்த மடலில்
நாட்டின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
திருத்தச் சொல்லவில்லையா?
"தபால் ஒப்பந்தம் ஒன்று பாக்கி இருக்கிறது.
அது முடியட்டும்."

எனக்குப் புரிந்தது.
சென்னைக்கு நான் போட்ட மாறுதல் மனுவுக்கு
பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது,
என் இனிஷியல் ந., த. ஆகியிருந்தது.
நானும் கேட்கவில்லை.

என்ன வண்டி என்று தெரியாததால்
வாடகை வண்டி என்று போட்டு
நாற்பது ரூபாய் வாங்கினோம்.
ரசீதில் தமிழில் பெயர் எழுதினேன்.
இதில் என் நாடு எது என்றார்.
காட்டினேன்.
ஈர மையின் மேல் படாமல்
விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்தார்.

வைகாசியில் கடிதம் வந்தது.
தடித்த தாள், மேலே ஒரு கோபுரமும் இரண்டு ஆடும்.
வால்சேரா தூதரகம்
சோதனைச் சாவடிக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கிறது;
தூதரக வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதை
மிகுந்த தயக்கத்துடன் நினைவூட்டுகிறது;
ரூபாய் நாற்பதைத் திரும்பக் கோருவதோடு
இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி
சாவடியின் மீதுள்ள மிக உயர்ந்த மதிப்பை
மீண்டும் உறுதி செய்கிறது.

எங்கள் சாவடி மீது கல் விழுந்திருக்கிறது,
வெற்றிலை எச்சில் விழுந்திருக்கிறது.
மதிப்பு விழுந்தது அன்றுதான்.
ஆறுச்சாமி இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.
பிறகு தலையைச் சொறிந்தார்.
"தணிக்கைக்கு எழுதினா
நீ ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஓடும்மா."

என் பணப்பையிலிருந்து நாற்பது,
கமிஷன் இரண்டு,
டெல்லி முகவரிக்கு மணியார்டர்.
கூடவே ஒரு பதில் மடல்.
ஆட்சிமொழி தமிழ் என்பதால் தமிழிலேயே,
எழுத்து எதுவும் குறையாமல்:
சாவடியும் தனது மதிப்பை
வால்சேராவுக்கு உறுதி செய்கிறது.
மூன்று தாள் கிழித்தேன் இந்த ஒரு வரிக்கு.
அதை யார் அங்கே படித்துச் சொன்னார்களோ.

ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது
ஆடி மழையில் ஓரம் நனைந்து.
கையெழுத்து.
அதன் கீழே, ரசீதைப் பார்த்து வரைந்தது போல,
நடுங்கி நடுங்கித் தமிழில்
வல்சேரா.
ஒரு கால் இல்லை.

ஆறுச்சாமி சிவப்பு மை எடுத்தார்.
இருக்கட்டும் சார் என்றேன்,
லாரி வந்திருக்கு.